நனைத்த கோடி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு துணியைப் பிழிந்தது.

ஆனி மாதம். தென்காசியில் சாரல் தொடங்கியிருந்தது. கீழப்புலியூரில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்று உண்டு. அதன் கீழே நின்று துணியின் ஒரு முனையை அம்மா பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன்.

நான் பொதுப்பணித்துறையில் வரைவாளன். அணை, மதகு, வாய்க்கால் படங்களை டிரேசிங் துணியில் வரைவோம். அடிப்படையில் அது மெல்லிய பருத்தித் துணிதான். இரண்டு பக்கமும் கஞ்சி ஏற்றி, மெருகு போட்டு, எண்ணெய்க் காகிதம்போல விறைப்பாக்கியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடம் வெளுத்துப் படம் கெட்டுவிடும். கிழிந்துபோய்க் கழித்த படங்களை மேஜை துடைக்கத் தருவார்கள். அதில் ஒன்றைத் தலைமை வரைவாளரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சிற்றாற்று அணைக்கட்டு ஒன்றின் பழைய படம்.

அம்மா அதை வெந்நீரில் ஊறப்போட்டாள். கஞ்சி கரைந்தது. கஞ்சியோடு மையும் கழன்றது. மதகு போனது, கரை போனது, ஓரத்தில் எழுதியிருந்த அளவுகள் போயின. தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. தெளியும்வரை தண்ணீர் மாற்றினாள். பிறகு ஓரத்தை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். எந்தத் துணிக்கும் அவளுடைய சோதனை அதுதான். கஞ்சி மிச்சமிருந்தால் நாக்கில் வழுவழுக்கும்.

"இப்ப சரி. பிழி" என்றாள்.

நான் முறுக்கினேன். துணி தளர்ந்து தொங்கியது.

"ஏலே, நான் எனக்கு வலப்பக்கம் முறுக்குதேன். நீ ஒனக்கு வலப்பக்கம் முறுக்கணும். எடப்பக்கம் முறுக்குனா, நான் முறுக்குனதை நீ பிரிச்சுல்லா விடுதே?"

திருத்திக்கொண்டேன்.

"அணைக்கட்டு வரையுதானாம். இவன் வரைஞ்ச அணையில தண்ணி நிக்குமா?"

பிழிந்து, உதறி, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் விரித்தோம். சாரல் காலத்தில் வெளியே எதுவும் காயாது. அவள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பூனைக்குட்டி காது மாதிரி இருக்குலே."

"முப்பத்தொண்ணாம் வருசத்துப் படம்மா அது."

"ஒனக்கு மூத்த துணி. நல்லதாப் போச்சு. பிறந்த பிள்ளைக்குப் பழசுதான் போடணும்."

பிள்ளை ராயகிரியில் பிறந்திருந்தது. அம்மாவின் அக்கா ரெங்கம்மாளின் மகள் உச்சிமாகாளிக்கு, கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண் பிள்ளை. அந்த எட்டு வருஷமும் அக்கா தங்கைக்குள் பேச்சில்லை. இந்தத் துணியில் சட்டை தைத்துக்கொண்டு போய், பிள்ளையை மடியில் வாங்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வேறு எதையும் அவள் எங்களிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

*

அம்மா பெயர் வள்ளித்தாய். ராயகிரியில் பிறந்தவள். கூடப் பிறந்தது அக்கா மட்டும். அப்பா நாறும்பூநாதன் செங்கோட்டையில் மரக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு ஒரு கை மெஷின் இருந்தது. வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி, இடக்கையால் துணியைத் தள்ளித் தைப்பாள். ரவிக்கை, பாவாடை, பிள்ளைகள் சட்டை. ஆண்கள் துணியைத் தொடமாட்டாள். "அவனுவளுக்குக் கடை இருக்கு" என்பாள்.

யார் துணி கொண்டுவந்தாலும் முதலில் தொட்டியில் போடுவாள். நனைத்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் கத்தரி. கேட்கவே மாட்டாள். துணி அவள் கைக்கு வந்தால் நனையும். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்.

ஜவுளிக்கடை ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு இதில் வருத்தம். ஒருநாள் வாசலில் நின்றே சத்தம் போட்டார்.

"எங்கடையில ரெண்டு கெஜம் துணி, ஒன் தொட்டியில முங்கி எந்திரிச்சா ஒண்ணே முக்கா கெஜமா ஆவுது. நான் அளவுல ஏச்சுட்டேன்னு சனங்க என்னைத் திட்டுதுவ."

"துணி கூடுதா கொறையுதான்னு பாக்கத்தானே நனைக்கேன். கஞ்சியைத் துணின்னு வித்தா நான் என்ன செய்ய, அண்ணாச்சி?"

"எல்லா ஊருலயும் அப்படியே வெட்டித்தானே தைக்காவ?"

"எல்லா ஊருலயும் அருவி இருக்கா?"

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. குற்றாலத்துக்கு அருகே தையல் தொழில் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. சீசனுக்கு வருகிறவர்கள் புதுத்துணி தைத்துக்கொண்டு வருவார்கள். அதோடு அருவியில் போய் நிற்பார்கள். நனைக்காமல் தைத்த மில் துணி உடம்பிலேயே இறுகும். ஒரு வருஷம் மதுரைக்காரப் பெண் ஒருத்தி ஜட்கா வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையையும் கீழே போட முடியவில்லை. வண்டிக்காரன்தான் அம்மாவிடம் கூட்டிவந்திருந்தான். அம்மா அவளை உள்ளே அழைத்துப்போய் அக்குளில் தையலைப் பிரித்துவிட்டாள். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள், அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு கதை வைத்திருந்தார். யார் வந்தாலும் சொல்லுவார்.

"எங்க கல்யாணத்தன்னைக்குப் பேய்மழை. இவ என்னைய நல்லா நனைய வச்சு, காயப்போட்டு, அதுக்குப் பொறவுதான் கழுத்தை நீட்டுனா. அன்னையிலருந்து நான் சுருங்கவே இல்ல."

"சாயந்தான் போயிட்டு" என்பாள் அம்மா.

*

ஐம்பத்தேழில் உச்சிமாகாளிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வாசுதேவநல்லூர். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தச் சேலையோடு ரவிக்கைத் துணியையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். நல்ல சிவப்பு. தங்கச்சி கையால் தைக்கட்டும் என்று பெரியம்மா அதை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அம்மா வழக்கம்போலத் தொட்டியில் போட்டாள். தண்ணீர் குங்குமமாக மாறியது. சாயம் நிற்கும்வரை திரும்பத் திரும்ப அலசினாள். உப்புப் போட்டு ஊறவைத்தாள். பிறகுதான் வெட்டினாள். அளவுக்கு உச்சியின் பழைய ரவிக்கை இருந்தது. கச்சிதமாகத் தைத்து, கரிப்பெட்டியால் தேய்த்து, காகிதத்தில் சுற்றி ராயகிரிக்கு எடுத்துப்போனோம்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் படாத புதுத்துணிக்குத்தான் கோடி என்று பெயர். கல்யாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி. ஓரத்தில் மஞ்சள் தடவி, கஞ்சி விறைப்போடு கொடுப்பார்கள். அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. சாயம் முகூர்த்தச் சேலையில் இறங்கிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், மாப்பிள்ளையின் தாய் தட்டில் இருந்த ரவிக்கையை எடுத்தாள். விரல்களுக்கிடையில் தேய்த்தாள்.

"இது நாங்க குடுத்த துணிதானா?"

"அதுதான் மயினி" என்றாள் பெரியம்மா.

"நாங்க கோடியால்லா குடுத்தோம். இது துவைச்சிருக்கே."

அம்மா பின்னாலிருந்து முன்னே வந்தாள். "நான்தான் நனைச்சேன் மயினி. செவப்புச் சாயம். சேலையில எறங்கிரக் கூடாதுல்லா. நனைஞ்சாலும் கோடி கோடிதானே?"

"ஒங்க ஊருல துவைச்சதைத்தான் கோடிம்பியளோ? சாவு வீட்டுக்குக்கூட நனைச்சதைக் கொண்டுபோவ மாட்டாவளே."

யார் வீட்டிலிருந்தோ ஒரு புது ரவிக்கை வாங்கிவந்தார்கள். உச்சிக்கு அது தொளதொளவென்று இருந்தது. முதுகில் ஊக்குக் குத்தி, தாலி கட்டுகிறபோது கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பந்தி முடிந்ததும் பெரியம்மா அம்மாவைத் தானியம் வைக்கிற அறைக்குள் கூப்பிட்டாள். எனக்கு வெளியே கேட்டது.

"கேட்டியாட்டி என்கிட்ட? ஒரு வார்த்தை கேட்டியா? ஊசியைக் கையில வச்சுக்கிட்டு ஊரைத் திருத்துதே. எம்பிள்ளை கல்யாணத்துலயா ஒன் சோதனை?"

அம்மா ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

"இனி எம்பிள்ளை துணியில நீ கை வைக்காதே."

உச்சிக்குப் பிள்ளை உண்டாகவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போனது. வாசுதேவநல்லூரில் மாமியார் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். கோடியை நனைத்த கை. அந்தச் சொல் ராயகிரிக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் அந்தத் தடத்தில் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் கடற்கரை. ராயகிரிக்காரர். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். சொல்லமாட்டேன் என்றவரை அம்மாதான் வற்புறுத்திச் சொல்லவைத்தாள்.

நான் அப்போது படிப்பு முடித்து வேலைக்கு வந்திருந்தேன். பருத்தி ஏன் சுருங்குகிறது என்று விளக்கினேன். நெய்யும்போது நூலை இழுத்துப் பிடிக்கிறார்கள். கஞ்சி அந்த இழுப்பை அப்படியே நிறுத்திவைக்கிறது. தண்ணீர் பட்டதும் நூல் தன் நீளத்துக்குத் திரும்புகிறது. இதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை.

"எனக்குத் தெரியாதாலே?" என்றாள். "அக்காளுக்கு நோவுதுல்லா. யாரையாச்சும் சொல்லட்டும்."

ஆனால் அன்றிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். துணியை வாங்கியதும் கேட்பாள்: "நனைக்கட்டா, வேண்டாமா?" வேண்டாம் என்றால் நனைக்கமாட்டாள். முகூர்த்தத் துணி வந்தால் உள்பக்கம் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டுத் தைப்பாள். "பொறவு இறுக்குச்சுன்னா கொண்டாங்க, பிரிச்சுத் தாரேன்" என்று சொல்லி அனுப்புவாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் குரல் சற்றுத் தாழும். வந்தவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

*

இடையில் ஒரு ஆடி மாதம். நானும் அம்மாவும் குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கோவில் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். எதிரே பெரியம்மாவும் உச்சியும் ஈரத்தோடு வந்தார்கள். பெரியம்மா எங்களைப் பார்த்ததும் பலாப்பழக் கடைப் பக்கம் திரும்பி, விலை கேட்க ஆரம்பித்தாள். உச்சி நின்றாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தாய்க்குத் தெரியாமல் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பிறகு அவளும் கடைப் பக்கம் போய்விட்டாள்.

அவள் போட்டிருந்தது அந்தச் சிவப்பு ரவிக்கை.

பஸ் இலஞ்சி விலக்கு தாண்டியதும் அம்மா சொன்னாள்.

"பாத்தியா? கையைத் தூக்குனா. இறுக்கல."

"பாத்தேன்."

"வெள்ளைச் சேலை கட்டியிருந்தா. ஒரு பொட்டு சாயம் எறங்கல."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் ஈரமாக இருந்தது. சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

*

அறுபத்தைந்தில் உச்சி உண்டாகியிருக்கிறாள் என்று கடற்கரை வந்து சொன்னார். ஆனியில் ராயகிரியில் பிள்ளை பிறந்தது. அந்தச் சேதியோடு இன்னொன்றும் கொண்டுவந்தார்.

"யக்கா, ஒங்க அக்கா ஒண்ணு சொல்லிவிட்டாவ. ஆனா அவியளாச் சொன்னதா சொல்லக்கூடாதாம்."

"பொறவு யாரு சொன்னதாச் சொல்லணுமாம்?"

"அதைச் சொல்லல. பிள்ளைக்குப் போடச் சட்டை இல்லையாம். பழந்துணியில தைக்கணுமாம். கஞ்சி கிஞ்சி இருந்தா பிள்ளைக்கு அறுக்கும், நல்லா நனைச்சுத் தைக்கத் தெரிஞ்ச ஆளு ராயகிரியில இல்லையாம்."

அம்மா கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். "நனைச்சுத் தைக்கணும்னா சொன்னா?"

"அந்த வார்த்தைதான் யக்கா. ரெண்டு தடவை சொன்னாவ."

வீட்டில் பழஞ்சேலைகள் இருந்தன. எதையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று தடிப்பு, ஒன்றில் சரிகை, ஒன்று நைந்துவிட்டது. அப்போதுதான் நான் டிரேசிங் துணியைச் சொன்னேன். அப்படித்தான் அந்தப் பழைய அணைக்கட்டு எங்கள் தொட்டிக்கு வந்தது.

துணி காய்ந்ததும் மூன்று சட்டை வெட்டினாள். தையல் பிசிறு உடம்பில் உரசக்கூடாது என்று, பிசிறு வெளியே இருக்கும்படி தைத்தாள். பொத்தான் கிடையாது, நாடாதான். மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்டேன். அக்காவிடம் என்ன பேசுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

"என்ன பேசப்போறே?"

"பிள்ளையைக் குடுன்னு சொல்லுவேன். வேற என்ன?"

வெள்ளிக்கிழமை போவதாக இருந்தது. நானும் லீவு சொல்லியிருந்தேன். வியாழன் காலை, அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மார்பை அடைக்கிறது என்று மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

*

காலை பஸ்ஸில் கடற்கரையிடம் சேதி சொல்லிவிட்டோம். அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. பிறந்தவீட்டுக் கோடி பெரியம்மா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். வருவாளா என்று தெரியவில்லை. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து சாவுக்கு வரமாட்டார்கள், காத்திருக்க வேண்டாம் என்றார்கள் சிலர். அப்பா காத்திருக்கலாம் என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

மாலையில் பெரியம்மா வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை. ஒரு சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக அம்மாவிடம் போனாள். நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டியாகிவிட்டது. கோடி சார்த்தவேண்டியதுதான் பாக்கி.

வயதான ஒருத்தி சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி ரெங்கம்மா, ஈரமா இருக்கே?"

"மழையில நனைஞ்சுட்டு."

"நனைஞ்சதைச் சார்த்தலாமா?"

"நனைஞ்சாலும் கோடி கோடிதான்" என்றாள் பெரியம்மா. "போத்துங்க."

நான் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். சேலை நெடுகிலும் ஒரே ஈரம். கஞ்சி இல்லை. மடிப்புக்கோடு ஒன்றுகூட இல்லை. ஓரத்து மஞ்சள் மட்டும் புதிதாகத் தடவியது. அப்பாவும் தொட்டுப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் கடற்கரை வந்தபோது சொன்னார்.

"சிவகிரியில சேலை எடுத்தாவ. அங்கனயே கெணத்துல ரெண்டு வாளி எறைச்சு அலசுனாவ. நான் பஸ்ஸை நிறுத்தி வச்சிருந்தேன், டிரைவர் என்னைத் திட்டுதான். பொறவு ஒரு முனையை என்கிட்ட குடுத்துப் பிழியச் சொன்னாவ தம்பி. புளியங்குடி வரைக்கும் சன்னலுக்கு வெளிய புடிச்சுக்கிட்டே வந்தாவ. நல்லாத்தான் காஞ்சுட்டு வந்துது. கடையநல்லூர்ல சாரல் புடிச்சுட்டு. ஏன் இப்பிடின்னு கேட்டேன். 'அவளுக்குக் கஞ்சி ஆவாது'ன்னாவ."

சாவு அன்று, புறப்படுவதற்கு முன்னால் பெரியம்மா மெஷின் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

"சட்டை தச்சாளா?"

ஆணியில் மாட்டியிருந்த பையைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள். தொடவில்லை. சாவு வீட்டுத் துணி பிறந்த பிள்ளைக்கு ஆகாது.

"ஒண்ணுக்கு நாடா வைக்கலை பெரியம்மா."

"பதினாறு கழியட்டும். நாடா வச்சு நீ கொண்டா." வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஒருக்கா நனைச்சுட்டுக் கொண்டா, பெருமாளு."

பதினாறு நேற்றோடு கழிந்தது. இன்று காலை மூன்று சட்டைகளையும் நனைத்தேன். சின்னச் சட்டைகள். பிழிய மறுமுனையில் ஆள் வேண்டியிருக்கவில்லை. அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன். சாரல் விடவில்லை, காயத் தாமதமாகும். நாடாவுக்கு அம்மா கத்தரித்து வைத்த துண்டுகள் மெஷின் மேலேயே இருக்கின்றன. அவற்றை இன்னும் எடுக்கவில்லை. நாடா வைத்தால் கிளம்பவேண்டியதுதான். ராயகிரிக்குக் கடற்கரையின் பஸ் காலையில் போகிறது.